சீதாலட்சுமி கிண்டிய பலபடி

செல்லூரில், தறிச் சத்தம் விடாமல் கேட்கும் ஒரு சந்தில், மாடியில் நடந்தது அந்த டுடோரியல். எண்பத்து மூன்றாம் வருஷம் அங்கே அறிவியல் பாடம் எடுக்கச் சேர்ந்தாள் சீதாலட்சுமி. சௌராஷ்டிரா வீட்டுப் பெண், பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாணவர்கள் பதினொரு பேரும் அவளைவிட மூத்தவர்கள். பகலெல்லாம் விசைத்தறியிலும் மில்லிலும் நின்றுவிட்டு, பத்தாவதைத் தனியாக எழுதிப் பாஸாகிவிட வேண்டும் என்று ஆறு மணிக்கு வந்து உட்காருவார்கள். ஆறரைக்குப் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

பலபடி என்கிற பாலிமர் பாடம் நடத்திய அன்று முத்துக்கருப்பன் குறட்டையே விட்டார். நாற்பது தாண்டிய தறிக்காரர். எழுப்பியதும் வெட்கப்பட்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். கையில புடிச்சுப் பாக்குற சாமானா இருந்தா மண்டையில ஏறும்" என்றார்.

அந்தப் பேச்சு அவளைச் சும்மா விடவில்லை. வெள்ளைப் பசையில் வெங்காரம், அதாவது போராக்ஸ், கரைத்த தண்ணீர் ஊற்றினால் வேடிக்கை பார்க்கலாம் என்று கல்லூரியில் ஒரு பேராசிரியை சொன்னது ஞாபகம் வந்தது. தச்சர்கள் வாங்கும் பசை ஒரு டப்பா, நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம் ஒரு பொட்டலம். வீட்டில் முதலில் கிண்டியது கட்டி தட்டிப்போயிற்று. அடுத்தது தோசைமாவாகவே நின்றது. மூன்றாவது, கரண்டியோடு சேர்ந்து எழுந்து வந்தது. தனியாக நின்று சிரித்தாள்.

அழகுக்காகப் பசையில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து வகுப்புக்கு எடுத்துப்போனாள். வெங்காரத் தண்ணீர் பட்டதும் அது சிவந்துவிட்டது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆலாத்தித் தண்ணியும் இப்பிடித்தான டீச்சர், சுண்ணாம்பு பட்டா செவக்கும்" என்றாள் முன்பெஞ்சு பாண்டியம்மாள், மில்லில் நூல் சுற்றுகிறவள்.

"அதேதான்க்கா. வெங்காரமும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான்" என்று சமாளித்தவள், எல்லாரையும் மூன்று வரிசையாக நிற்கவைத்தாள். "ஒவ்வொரு வரிசையும் ஒரு நீளச் சங்கிலி. நகருங்க பாப்போம்." வரிசைகள் உரசிக்கொண்டு சுலபமாக நழுவின. "இப்ப பக்கத்து வரிசைக்காரங்க துண்டைப் புடிச்சுக்கிட்டு நகருங்க." ஒருவரும் நகர முடியவில்லை, இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பசை ஏன் கெட்டியாச்சுன்னு தெரியுதா? வெங்காரம் சங்கிலிகளைக் கோத்துவிட்டுருச்சு."

"பாவு நூலுக்குக் குறுக்க ஊடை நூல் போன மாதிரி" என்றாள் பாண்டியம்மாள். அதற்கு மேல் சீதாலட்சுமி விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாள். அவ்வளவுதான், வகுப்பு கைவிட்டுப் போயிற்று. யாருடையது நீளம் என்று சுவருக்குச் சுவர் இழுத்தார்கள். முத்துக்கருப்பன் தன் உருண்டையை மேலே வீசினார். அது கூரையில் அப்பிக்கொண்டது.

அந்நேரம் பார்த்து டுடோரியல் நடத்தும் ஹாலாஸ்யம் படியேறி வந்தார். ரிட்டையரான ஆபீஸ்காரர், வழுக்கைத் தலை, கறார் பேச்சு. உருண்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சிவப்புப் பசை மெல்ல இறங்கியது. ஒரு முழம். ஒன்றரை முழம். வகுப்பு மூச்சுவிடாமல் மேலே பார்த்தது. பக்தியென்று நினைத்து அவர் இன்னும் உருக்கமாகப் பேசினார். அது வழுக்கையில் வந்து குளிர்ச்சியாக உட்கார்ந்தது.

ஹாலாஸ்யம் தொட்டார். இழுத்தார். கூடவே வந்தது. வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது.

"என்னம்மா இது?"

சீதாலட்சுமிக்கு வாய் திறந்தால் சிரிப்பு வந்துவிடும். முத்துக்கருப்பன்தான் எழுந்தார். "பலபடிங்க சார். பாகுநிலை சாஸ்தி. அதான் பைய எறங்குச்சு. மெதுவா இழுத்தா நீளும், வெடுக்குன்னு இழுத்தா அந்துபோகும்."

ஹாலாஸ்யம் கையிலிருந்ததை மறுபடி மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். உட்கார நாற்காலி போட வேண்டியதாயிற்று.

அந்த வருஷம் பதினொரு பேரும் அறிவியலில் தேறினார்கள். கணக்கில் கவிழ்ந்தவர் முத்துக்கருப்பன் ஒருவர்தான். அவருக்கு ஞாயிறுதோறும் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மறுதேர்வில் பாஸானவர்களின் நம்பர்கள் வந்த காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு செல்லூர்ச் சந்தில் ஓடினாள். தறிச் சத்தத்தில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் பேப்பரை விரித்து, அவர் நம்பரில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

முத்துக்கருப்பன் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.