நாய்க்குக் கால் பிடித்தவர்

யுத்தகாலம். நெசவு நூலுக்குப் பஞ்சம், களவும் அதிகம். விளாங்குடியில் என் நூல் மூட்டைகளை அடுக்கியிருந்த கிட்டங்கிக்குக் காவலிருந்த நாய்க்குப் பின்னங்கால் விறைத்துப்போனது. கால் பிடித்துவிட ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, உள்ளங்கை மட்டும் பலகைபோல் அகலம். விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கையில் தேய்த்து, நாய் மோந்து பார்க்கும் வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் காலைத் தொடுவார். யாரையும் அண்டவிடாத நாய், அவர் விரல் பட்டதும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு அதுதான் உறுத்தியது.

மூன்றாம் நாள் கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, நாயிகிட்ட எதுக்கு இம்புட்டு சிநேகம்? நாளைக்கு நீங்க உள்ள புகுந்தா அது குரைக்குமா?"

அவர் கையை எடுக்கவில்லை.

"குரைக்காது. ஆனா களவாங்க வாரவன் நொண்டி நாயை எதுக்குண்ணே ஓட வைக்கிறான்?"

பதில் சரிதான். இருந்தும் தினமும் எதிரே உட்கார்ந்து அவர் கையையே கவனித்தேன்.

பத்தாம் நாள் நாய் ஓடியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப, அதுவும் தெருமுனை வரை பின்னாலேயே போனது. நான் கிட்டங்கிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நிமிர்ந்தால், அவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயிடம்தான் சொன்னார்:

"போ, போய்க் காவலைப் பாரு."

என் சொல்லை ஒருநாளும் கேட்காத நாய், ஓடி வந்து கதவடியில் படுத்தது.