ஏழாம் கிணற்றுப் பருப்பு

ஆபிரிக்காவைப் பற்றி எனக்கு அந்த நாளில் தெரிந்ததெல்லாம் அங்கத்தைய கிணற்றுத் தண்ணீர்தான். யானையும் சிங்கமும் மற்றவர்களுக்கு.

எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் நான் பல்கலைக்கழகத்தில், புவியியல் துறையில் உதவியாளராக இருந்தேன். எங்கள் மூத்த விரிவுரையாளர் ஒருவர் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் சில வருடம் படிப்பித்துவிட்டு வந்திருந்தார். வாயைத் திறந்தால் அந்தக் கரைக்கு அப்பாலிருந்த ஒரு சின்னத் தீவைப் பற்றித்தான் கதை. அங்கேயும் சுண்ணாம்புக்கல், அங்கேயும் உப்புக்காற்று என்று சொல்லிச் சொல்லியே, அவர் படிப்பித்த பல்கலைக்கழகமும் நாங்களும் சேர்ந்து இரண்டு தீவுகளின் கிணறுகளையும் ஆராய்வதென்று ஒழுங்காக்கிவிட்டார். இப்படியான தீவுகளில் நிலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் பாலாடை மாதிரிக் கிடக்கும். கூடுதலாக இறைத்தால் ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். எந்தக் கிணற்றில் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

எங்கள் பக்கத் தீவு வேலணை, நான் வேலணைக்காரி. ஆகவே போத்தலில் தண்ணீர் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாதத்தின் முதற் சனிக்கிழமை, பதினொரு கிணறு, பதினொரு போத்தல். திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தடியில் இந்திய ஆமிக்காரன் ஒவ்வொன்றாக மணந்து பார்ப்பான். ஒருநாள் ஒன்றைக் குடித்துக் காட்டச் சொன்னான். அது ஐந்தாம் கிணறு, வாயில் வைக்க ஏலாத தண்ணீர். முகம் சுளிக்காமல் குடித்தேன். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் கூடியது.

ஊரில் எனக்கு ஆபிரிக்காக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எங்கட தண்ணிய அங்க ஆர் பிள்ளை குடிக்கிறது?" என்று கிணற்றடிகளில் கேட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் கிணற்று வீட்டு அக்கா என் உப்பளக்கும் கருவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உந்த மெசின் என்னத்தையும் சொல்லட்டும். பருப்பு அவியாட்டி அது உப்புத் தண்ணிதான்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. பட்டினத்தில் ஒரே கடையில் துவரம்பருப்பு வாங்கி, மாதாமாதம் வீட்டுக்கொரு சுண்டு அளந்து கொடுத்து, அவிய எவ்வளவு நேரமென்று கேட்டு எழுதத் தொடங்கினேன். அட்டவணையில் கருவியின் எண்ணுக்குப் பக்கத்தில் 'பருப்பு' என்று ஒரு நிரல். ஆபிரிக்கத் தீவில் என் வேலையைச் செய்ததும் ஒரு பெண்தான். பச்சை மையில் ஆங்கிலத்தில் எழுதுவாள். என் அட்டவணைக்குப் பதில் போட்டாள்: "எங்கள் பெண்கள் அவரை விதையைத்தான் நம்புகிறார்கள். நானும் அவரைக்கு ஒரு நிரல் போட்டுவிட்டேன்." அந்தக் கடிதத்தை ஒரு கிழமை கைப்பையில் காவித் திரிந்தேன். அந்த ஒரு கிழமையை நினைத்தால் இன்றைக்கும் மனம் குளிர்கிறது.

ஏழாம் கிணறு எங்கள் வீட்டுக் கிணறு. நல்ல தண்ணீர்க் கிணறென்று பெயரெடுத்தது. பின்னேரம் நாலு மணிக்குக் குடங்களோடு பெண்கள் வருவார்கள். அப்பா போனபின் அம்மாவுக்கு அந்த நாலு மணிதான் நாள். மூன்று மணிக்கே முகம் கழுவி, தலைவாரி, கிணற்றடியைக் கூட்டிவிட்டு நிற்பா.

எண்பத்தொன்பது கோடையில் அதற்குள் கருவியை விட்டுப் பார்த்தேன். எண் ஏறியிருந்தது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. பக்கத்து வளவுத் தோட்டத்தில் பெரியப்பா மகன் வெங்காயத்துக்கு மிசின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். முடிவுகளை ஊர் வாசிகசாலையில் ஒட்டுவதாக எங்கள் விரிவுரையாளர் வாக்குக் கொடுத்திருந்தார். எண் அங்கே ஏறினால் குடங்கள் வேறு கிணற்றுக்குப் போய்விடும். அம்மா நாலு மணிக்குத் தனியே நிற்பா. அதை என்னால் நினைக்க ஏலவில்லை. அன்று ஏழாம் போத்தலை, பட்டியலில் இல்லாத கோயில் கிணற்றில் நிரப்பினேன். அடுத்த மாதமும் அப்படியே. முதற் செய்த களவு பழுதாகிவிடக்கூடாதென்று அதற்கு முன்பே ஏறியிருந்த எண்ணையும் திருத்தினேன்.

வாசிகசாலையில் ஏழாம் கிணறு இனித்தது. குடங்கள் வந்தன.

பிறகு பச்சை மைக் கடிதம் வந்தது. கடும் கோடையிலும் உப்பேறாத அந்த ஏழாம் கிணறு எத்தனை அடி ஆழம், எப்படிக் கட்டியது, எவ்வளவு தள்ளி அடுத்த கிணறு என்று கேட்டிருந்தாள். தங்கள் தீவில் புதுக்கிணறு ஒன்று வெட்டப் போகிறார்களாம். அதே மாதிரி வெட்ட விருப்பமாம். நான் கண்டறியாத சனம், என் பொய்யை அளவாக வைத்துப் பாறையை உடைக்கப் போகிறது.

விரிவுரையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீரே எழுதும். நான் கையெழுத்து வைக்க மாட்டன். உம்மட பொய், உம்மட கடிதம்."

மூன்று தரம் கிழித்துவிட்டு நாலாவதைத் தபாலில் போட்டேன். அம்மாவின் கிணறு, அம்மாவின் நாலு மணி எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பதில் வருவதற்குள் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்துவிட்டது. தீவுச் சனம் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு ஓடியது. அம்மாவும் நானும் பட்டினப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கினோம். தபால் நின்றது, பிறகு கப்பலில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அங்கே கிணறு வெட்டினார்களோ, உப்பு வந்ததோ என்று ஒவ்வொரு கப்பலுக்கும் தபாலகத்துக்கு நடந்தேன். மூலை கிழிந்த உறையில் அந்தக் கடிதம் கிடைத்தபோது அம்மா குசினி வாசலில் இருந்து சுளகில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் இருந்து தமிழாக்கி வாசித்தேன்.

"பயப்படாதே. கிணறு வெட்டவில்லை. உன் அட்டவணையை எங்கள் பெண்களுக்கு வாசித்தேன். தண்ணீர் இனிப்பென்றால் பருப்பு அவிய ஏன் ஒன்றரை மணித்தியாலம் என்று ஒருத்தி கேட்டாள். அட்டவணை எழுதிய பிள்ளையின் தாயின் கிணறாயிருக்கும் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். உன் கடிதம் அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு வந்தது."

எண்ணைத் திருத்தியவள் பருப்பு நிரலைத் தொட மறந்திருக்கிறேன். அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அம்மா சுளகை நிலத்தில் வைத்தா.

"நான் உனக்கு ஒண்டரை மணித்தியாலம் எண்டுதானே சொன்னனான். உப்பெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

"வாற ஆக்களுக்குத் தெரிஞ்சால் வரமாட்டினம் எண்டு..."

"குடிக்கிற சனத்துக்குத் தெரியாதே பிள்ளை? கோயில் கிணறு கிட்டத்தானே இருந்தது. அந்தச் சனம் என்ன தண்ணிக்கெண்டே வந்தது?"

நான் கடிதத்தை மடித்தேன். அம்மா எழும்பிப் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தா. அந்த வாடகை வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அரை மணித்தியாலத்தில் அவிந்துவிடும். நாலு மணிக்கு அம்மா முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றா. ஒருவரும் வரவில்லை.