திருகோணமலையாகிப்போன கடற்கரை

மகள் கார் ஓட்டப் பழகுகிறாள். இங்கே சிட்னியில் உரிமம் எடுக்கும் முன் நூற்றிருபது மணித்தியாலம் ஓட்டியதாகப் புத்தகத்தில் பதிய வேண்டும். பென்டில் ஹில் மரக்கறிக் கடைக்குப் போய்வந்து அதை நிரப்புவதென்றால் அவளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை தெற்கே, வொலங்கொங்கையும் தாண்டி, கடலோரமாக விட்டோம். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தொடை நோவெடுத்த ஒரு இடத்தில், "இதிலை நிப்பாட்டு பிள்ளை" என்றேன். கதவைத் திறந்ததும் சாதாளை மணம் வந்தது.

அலை கொண்டுவந்து கரையில் குவித்துவிட்டுப் போகும் கடற்புல்லைத்தான் ஊரில் சாதாளை என்போம். மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கோ அந்த அழுகல் மணத்தோடு பாணும் சம்பலும் சேர்ந்து வந்தன. அந்த நாளில் நானும் ரமணனும் இந்தக் கடற்கரையில் அதைத்தான் சாப்பிடுவோம். நிமிர்ந்து பார்த்தேன். வளைந்து போகும் கரையின் முடிவில் அந்த மலை இன்னும் கடலுக்குள் கால் வைத்தபடி நின்றது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சியில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தாங்கிதான். அதனால் நாங்கள் இருவரும் அந்த மலையைச் சிறுபிள்ளைகள் மாதிரி வாய் பார்த்துக்கொண்டு இருப்போம்.

ரமணன் என்னோடு பிளாக்டவுனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கியவன். நான் மாணவனாக வந்து, படித்த படிப்புக்கு வேலை கிடைக்கும் வரை அங்கே நின்றேன். அவன் அகதியாகப் படகில் வந்தவன். அவனிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம்; ஆனால் நாட்டை விட்டு ஒரு முறை வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஊரில் அவனுக்கு அம்மா மட்டும்தான். ஒரே பிள்ளை.

இவ்வளவு தூரம் நாங்கள் கடற்கரை தேடி வந்ததற்குக் காரணமும் அந்த அம்மாதான். அவருக்கு மாதம் ஒரு படம் அனுப்ப வேண்டும். சிட்னிக்குக் கிட்ட உள்ள கடற்கரைகளில் கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அரைகுறை உடுப்போடு யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். ஒரு படத்தில் எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக்காரி நின்றுவிட்டாள். அம்மா அவனை நலம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, அந்தப் பிள்ளை ஆர்?" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஆளில்லாத இந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். மனைவிக்கு ஞாயிறும் வேலை என்பதால் அப்போது சின்னப்பிள்ளையான என் மகளும் வருவாள், பின்சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரை.

படம் எடுப்பவன் நான். அந்தக் காலத்தில் எனக்குக் கமரா வாங்கிய புதிது, பெரிய கலைஞன் என்ற நினைப்பு. குப்பைத்தொட்டியைப் படத்துக்கு வெளியே தள்ளினேன். ஆங்கிலப் பலகையை மறைத்தேன். அலையில் சறுக்கும் ஒரு பையன் போகும் மட்டும் காத்திருந்தேன். கரையில் யாரோ கவிழ்த்து வைத்திருந்த பழைய மரவள்ளத்தை மட்டும் அழகுக்காகச் சேர்த்துக்கொண்டேன். ரமணனின் ஜீன்ஸ் நனைந்து போயிருந்ததால் சாரம் கட்டியிருந்தான். பின்னால் அந்த மலை. இதைவிட நல்ல படம் நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை.

ஊரில் பக்கத்து வீட்டுப் பெட்டை தன் கைபேசியில் வந்த படத்தை அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். கண்ணில் புரை விழுந்த மனுசி. கடலும் மலையும் சேர்ந்த ஒரு இடத்தை அவர் தன் ஆயுளில் ஒரேயொரு முறை, திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்குப் போனபோது பார்த்தவர். அடுத்த முறை ரமணன் கூப்பிட்டபோது அம்மா அழுதார்.

"திருகோணமலை மட்டும் வந்தனி, வீட்டை வரேல்லையே?"

"இல்லையம்மா, நான் அவுஸ்திரேலியாவிலைதான் நிக்கிறன்."

"ஓமோம், போனிலை அப்பிடித்தான் சொல்லவேணும். எனக்கு விளங்குது."

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் உள்ளபடி சொல்லாத சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மீன் கடையில் நின்றாலும் எங்கே நிற்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் குரல் தானாகத் தணிந்துவிடும். ஆகவே அவன் மறுக்க மறுக்க அம்மாவுக்கு நம்பிக்கை கூடியது. ஒபரா ஹவுஸ் முன்னால் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினோம். அது ஸ்ரூடியோவில் பின்னால் தொங்கவிடும் சீலை என்றார். நாங்கள் சிரித்தோம். உண்மையைச் சொன்னால், நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

பிறகு அவர் எள்ளுப்பாகு செய்து, தன் தமையனின் மகனிடம் கொடுத்துத் திருகோணமலைக்கு பஸ் ஏற்றிவிட்டார். அந்தப் பையன் கைபேசியும் பொதியுமாக மீனவர்களிடம் படத்தைக் காட்டி அலைந்திருக்கிறான். இந்த மலை இங்கே இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து அதைச் சொன்னபோது, "நல்லா ஒளிச்சிருக்கிறான் என்ரை பிள்ளை" என்றாராம் அம்மா, கொஞ்சம் பெருமையாகக்கூட. அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஆடியில் அவர் போய்விட்டார். செத்தவீட்டை ரமணன் என் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்து கைபேசியில் பார்த்தான். படலையைப் பூட்ட வேண்டாம், அவன் கிட்டத்தில்தான் நிற்கிறான் என்று கடைசிக் கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ரமணன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"தூரத்திலை இருந்து வரேல்லை எண்டா அவ தாங்கியிருப்பா மச்சான். கிட்டத்திலை நிண்டும் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு போட்டா."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்து அவுஸ்திரேலியாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எறிந்தவன் நான். அதற்குப் பிறகு கமராவை நான் அலுமாரியில் வைத்தேன், அது அங்கேதான் கிடக்கிறது.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் மகள். ஓம் என்றேன். வள்ளம் கிடந்த இடத்தில் இப்போது கோப்பிக் கடை. கார் விட இடம் பிடிக்கவே மூன்று சுற்றுச் சுற்றியிருந்தோம். ஆளில்லாத அந்தக் கரை இனி இல்லை. படம் எடுக்கவா என்று கேட்டாள், எடுத்தாள். சறுக்குப் பலகைகள், நாய்கள், குடைகள், பிகினிக்காரிகள் எல்லாம் என்னோடு சேர்ந்து படத்தில் விழுந்தார்கள். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ரமணனுக்கே அனுப்பினேன்.

அவனுக்கு நிரந்தர விசா கிடைத்து, போன வருடம்தான் ஊருக்குப் போய்வந்தான். ஒன்றரை மாதத்துக்கென்று போனவன் மூன்றாம் கிழமையே வந்து நின்றான். விமான நிலையத்தில் இருந்து வரும் வழியில், ஏனடா என்று கேட்டேன். எல்லாரும் நல்லாத்தான் பார்த்தார்களாம். தேத்தண்ணி தந்தார்களாம், என்ன விசா என்று கேட்டார்களாம், எவ்வளவு சம்பளம் என்று கேட்டார்களாம், தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட வழி கேட்டார்களாம். பரமட்டா தாண்டும்போது கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரும் கோவிக்கேல்லை மச்சான்" என்றான்.