மரையில் இறுகிய கண்ணாடி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை. பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் மூஞ்சிக்கு நேராகவே சிரித்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், படித்தது இயற்பியல். அப்படிப்பட்ட என் கண்ணெதிரே நடந்தது இது.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளியை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்பார்கள். எதில் மாஸ்டர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருப்பதிலேயே துல்லியமான லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, படம் அந்தக் காலத்துப் படம் மாதிரி மங்கலாக வரவேண்டும் என்று அலைகிற ஆள். இறந்துபோன ஒரு போட்டோகிராபரின் சாமான்களைக் கிளறி, லென்ஸின் முன்னால் திருகி மாட்டினால் முகத்தை மென்மையாகக் காட்டும், பித்தளை வளையம் போட்ட கண்ணாடி ஃபில்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுல உயிர் இருக்கும்மா. உங்க டிஜிட்டல்ல என்ன இருக்கு?”

“மரை சேரல மாஸ்டர். பலவந்தமா திருகாதீங்க.”

“உன் பிசிக்ஸை வீட்ல வெச்சுட்டு வா.”

திருகினார். பாதியில் கோணலாக இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“நாளைக்குக் காலையில இது கழண்டிருக்கணும். லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்துச்சு, நீ வேலைக்கே வராத.”

தான் செய்த கோணலை என் தலையில் கட்டிவிட்டு மகராசன் கிளம்பிப் போனார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

மணி ஏழு பத்து. கேமரா ஸ்டாண்டில் நின்றது, காலி நாற்காலியைப் பார்த்தபடி. பிடி கிடைக்க வளையத்தில் ரப்பர் பேண்ட் சுற்றினேன். கீறல் ஏதும் தெரிகிறதா பார்க்கலாமென்று கேமராவை ஆன் செய்தேன்.

திரையில் மஞ்சள் சதுரம் விழுந்தது. முகம் தெரிந்தால் கேமரா போடும் சதுரம். நாற்காலிக்கு மேலே... தலை இருக்கவேண்டிய உயரத்தில்.

பழைய ஃபில்டர் கண்ணாடியில் பிரதிபலிப்பைத் தடுக்கும் மேல்பூச்சு கிடையாது. சென்சாரில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அதில் மோதி, படத்தில் பொய்ப் புள்ளிகளைப் போடும். கேமரா ஏமாறும். இதற்குப் பேய் எதற்கு? எழுந்துபோய் ஸ்டுடியோ விளக்குகளை அணைத்தேன். வாசல் டியூப்லைட் மட்டும் மிச்சம்.

சதுரம் போகவில்லை.

ஸ்ர்ர்ர்... டிக்.

லென்ஸ் தானாக ஃபோகஸ் பிடித்தது. அதன் முதுகிலிருக்கும் சின்ன ஜன்னலில் தூரத்தைப் பார்த்தேன். மூன்று மீட்டர். நாற்காலி அங்கேதான்.

ஸ்ர்ர்ர்... டிக்.

இரண்டு.

சதுரம் பெரிதாகியிருந்தது. “மாஸ்டர் கை பட்டு நீயும் முட்டாளாயிட்டியா?” என்று கேமராவைச் சத்தமாகவே கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒன்றரை...

ஒன்று...

இப்போது திரை முழுக்கச் சதுரம். அதற்குள் யாருமில்லை.

ஓடியிருக்கலாம். கழற்றாமல் ஓடினால் வேலை போகும். பல்லைக் கடித்துக்கொண்டு வளையத்தைப் பிடித்தேன். அசையவில்லை.

கண்ணாடி மங்கியது. யாரோ மூச்சு விட்டதுபோல. வெளிப்பக்கம்.

கையை எடுத்துவிட்டேன்.

வளையம் திரும்பியது.

கிரீச்... கிரீச்...

அவசரமில்லாமல். எதிரே நின்று கழற்றுவதுபோல.

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று.

டங்.

ஃபில்டர் தரையில் உருண்டது. சதுரம் மறைந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“பாத்தியா? நான் மிரட்டினாத்தான் உனக்கு வேலை ஓடுது.”

அந்த மூஞ்சியிடம் என்ன சொல்வது? சாமான்களை விற்ற, அந்த போட்டோகிராபரின் மகளுக்கு போன் போட்டேன்.

“அதுவாம்மா? அதைப் பொணத்துக்கு மட்டும்தான் போடுவார் எங்கப்பா. கடைசியா ஒரு போட்டோ வேணும்னு வீட்டுக்காரங்க கூப்பிடுவாங்க. நாற்காலில சாய்ச்சு வெச்சு எடுப்பார். எடுத்த கையோட கழட்டி டப்பாவுல போட்டு மூடிடுவார். லென்ஸ்லயே விட்டா செத்தவங்களே கழட்ட வந்துருவாங்கன்னு ஒரு பயம்.”

“கழட்டி... என்ன பண்ணுவாங்களாம்?”

“என்னமோ சொல்லுவார் போங்க, வயசான மனுஷன். அந்தக் கண்ணாடி நடுவுல இருக்கற வரைக்கும்தான், எடுக்கறவங்க முகம் அவங்களுக்குச் சரியாத் தெரியாதாம்.”