ஜெயராணி கொத்திப் போட்ட சுவர்

குடிகாட்டு ஜெயராணி மணலை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் லாரியை இறக்கச் சொல்வாள். உப்புக் கரித்தால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பதினாறு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள். சுமந்துகொண்டே பூச்சுக் கரண்டி பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். அவளே பொறுப்பெடுத்துக் கட்டும் முதல் வீடு, வாத்தியார் இளவரசுவின் வீடு.

இளவரசுவின் ஆறு வயது மகள் இலக்கியாவுக்கு வீசிங். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் கட்டிலை ஒட்டிய சுவர் ஓதம் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. மழைக்காலம் முழுக்கப் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கும். அதைக் கேட்டதும் ஜெயராணி பிளானையே மாற்றச் சொன்னாள். பிள்ளை தூங்கும் அறையை ஒட்டியிருந்த பாத்ரூம் தள்ளிப் போனது. சன்னலுக்கு எதிரே சன்னல் வந்தது.

"பளபளன்னு பெயின்ட் வேணாம் சார், சுண்ணாம்பு அடிப்போம். செவுத்து ஈரம் வெளிய போவணும்" என்றாள்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் திருவந்திபுரத்தில் இளவரசுவின் மச்சினிச்சி கல்யாணம். விடியற்காலை இங்கே பால் காய்ச்சிவிட்டு, சொந்தபந்தம் மொத்தமும் அப்படியே வேன் ஏறுவதாக ஏற்பாடு.

ஆடி மாதம் மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க இரண்டு நாள் சிதம்பரம் போய்விட்டு வந்தாள் ஜெயராணி. பிள்ளையின் அறையில் இரண்டு சுவர் பூசி முடிந்திருந்தது. மிச்சம் கிடந்த மணலைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ஏது இந்த மணலு?"

"நம்ம லோடு வரல அண்ணி. ஆளுங்க சும்மா குந்தியிருந்தாங்க. உப்பனாத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு வண்டி வந்துச்சி, எறக்கிட்டேன்" என்றான் அன்பரசு. அவள் புருஷனுக்குத் தம்பி, கொத்தனார்.

"வாயில வச்சிப் பாத்தியா?"

"உங்கள மாதிரி மண்ணத் தின்ன எனக்கென்ன மசக்கையா?"

அவள் சிரிக்கவில்லை. "ஐப்பசி மழைக்கி உப்பு பூத்து உதுரும்."

"சுண்ணாம்பு அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் புள்ள நெஞ்சுக்குத் தெரியும்."

இளவரசுவுக்குப் போன் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். அவர் வந்தபோது பாதிச் சுவரில் செங்கல் தெரிந்தது.

"என்னம்மா இது? இன்னும் இருவது நாளுதான் இருக்கு."

"உப்பு மணலு சார். நான் இல்லாதப்ப பூசிட்டாங்க. என் ஆளுங்கதான், தப்பு எம்மேலதான். ரெண்டு செவுத்தயும் கொத்தி, கழுவி, காயவுட்டு மறுபடி பூசணும். ஆவணிக்கி ஆவாது."

"பொம்பள மேஸ்திரியான்னு எங்க மாமனாரு அன்னிக்கே சிரிச்சாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நடந்ததச் சொல்லுங்க. என் பேரு கெட்டா கெடட்டும். மறைச்சிப் பூசிட்டு சாவி குடுக்க என்னால முடியாது சார்."

இளவரசு கீழே குவிந்திருந்த காரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"மாமா, பால் காய்ச்சுறது தள்ளிப் போவுது... இல்ல, கல்யாணம் அதே நாள்தான்... ஆமா, அந்தம்மாதான். அவுங்க சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது மாமா."

அன்பரசு உளியோடு இரண்டாவது சுவர்ப் பக்கம் போனான்.

"அப்ப வேற நாளு பாக்க ஐயரக் கேக்கட்டுமா?" என்றார் இளவரசு.

"மொதல்ல செவுரு காயட்டும் சார். அப்பறம் ஐயரக் கேப்போம்."