நாலாவது தட்டு

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாரு" என்றான் லைல்.

டாரியா மூன்றாவது ஆய்வகத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அடியில் வேறெதுவும் இல்லை.

"சுத்தமா இருக்கு."

"இருக்கு."

"அப்புறம் மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே?"

"புள்ளி சின்னதாயிருச்சு. ரெண்டாவது தட்டுல இதைவிடப் பெருசு."

"வயசானா எல்லாரும்தான் சுருங்குறோம், டாக்டரம்மா. கூரியர் மூணு மணிக்கு வருது. கட்டு."

டாரியா வோலோஷினுக்கு நாளையோடு ஓய்வு. முப்பத்தொரு வருடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பித்திருந்தாள். பெரும்பாலும் செவிலியர் படிப்புக்கு வந்தவர்களுக்கு. கை கழுவுவது பற்றிய அவளுடைய முதல் வகுப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் இருந்தார்கள். ஆராய்ச்சி கோடையில் மட்டும். அவளோடு படித்தவர்கள் டொராண்டோவிலும் பாஸ்டனிலும் நூறு, நூற்றைம்பது ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார்கள். அவள் எழுதியது பதினான்கு. அதில் பாதியை அவளே மறந்திருந்தாள்.

பதினைந்தாவது, பிட்டர் லேக் பாக்டீரியாவைப் பற்றியது. பிட்டர் லேக், மாடுகூட வாய் வைக்காத உப்பு ஏரி. கரைச்சேற்றில் ஆரஞ்சுக் கோடாகத் தெரிந்ததை ஆய்வகத் தட்டில் வளர வைக்க அவளுக்கு எட்டு வருடம் பிடித்தது. உலகத்தில் வேறு யாரும் அதை வளர்த்ததில்லை. அதற்கு ஏரியின் பெயரையே வைத்தாள். லைல் தன் பெயரை வைக்கச் சொல்லிப் பார்த்தான்.

பெயர் நிலைக்க ஒரு விதி உண்டு. பாக்டீரியா வேறெதுவும் கலக்காமல் தனியாக வளர வேண்டும். வளர்ந்ததை இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களுக்கு அனுப்பி, இரண்டு சான்றிதழ்கள் வாங்கி, ஆய்வுப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சான்றிதழ் பிப்ரவரியில் வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஏப்ரலில் ஒரு கடிதம்தான் வந்தது. நீங்கள் அனுப்பியதில் இரண்டு வகை இருக்கின்றன.

இருந்தன. ஆரஞ்சுப் புள்ளிக்கு அடியில் குண்டூசி முனையளவில் நிறமில்லாத இன்னொன்று. எட்டு வருடமும் அங்கேயே இருந்திருக்கிறது. தட்டைச் சாய்த்தால்தான் தெரியும். டாரியா எப்போதும் நேராகவே பார்த்திருந்தாள்.

மருந்து சேர்த்துச் சின்னதைக் கொன்றாள். ஆரஞ்சு மட்டும் தனியாக வளர்ந்தது. ஒரு தட்டிலிருந்து எடுத்து அடுத்ததில் வளர்த்தாள்: முதல் தட்டு, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் ஒன்றுமில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் ஐந்தாவதில் ஒன்றுமில்லை. சின்னது அதற்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த வைட்டமின்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. எது என்று கண்டுபிடிக்க இன்னும் சில வருடமும் ஓர் ஆய்வகமும் வேண்டும். ஆய்வகத்தை நாளை ஒப்படைக்க வேண்டும்.

கணக்குப் போட்டது லைல்தான். இருபத்திரண்டு வருடமாக அவளுடைய உதவியாளன். "நாம அனுப்புறது மூணாவது. அங்க வளர்த்துப் பார்க்குறது நாலாவது. சுத்தமா இருக்குன்னு பார்த்து, உலர்த்தி, குப்பியில அடைச்சுச் சான்றிதழ் கொடுத்துருவாங்க. குப்பியை வாங்கி வளர்க்குறவங்களுக்குத்தான் அது அஞ்சாவது. அதைப் பத்தி யாரு கேக்கப்போறா?"

அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் அவனுடையது. அவன் பெயர் அச்சேறப்போகும் ஒரே கட்டுரை. டக் லேக் ஊரில் அவன் அம்மா கைப்பிரதியின் முதல் பக்கத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

இரண்டரை மணிக்குத் துறைத்தலைவர் கெர்ரி ஓல்சன் கதவில் தலை நீட்டினார்.

"டாரியா, ஆண்டறிக்கைக்கு ஒரு வரி வேணும். 'புதிய இனம் கண்டுபிடிப்பு'ன்னு போட்டுக்கலாமா?"

"மூணு மணிக்குச் சொல்றேன்."

"மூணு மணிக்கு என்ன?"

"நல்ல நேரம் பிறக்குது" என்றான் லைல்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். லைல் தெர்மகோல் பெட்டியை மேசைமேல் வைத்தான். டாரியா தட்டிலிருந்து எடுத்துக் குழாயில் அடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வைத்து, ஜெர்மன் சேமிப்பகத்தின் படிவத்தை நிரப்பினாள். எடுத்த இடம். எடுத்த தேதி. உப்பின் அளவு. எட்டாவது கேள்வி: தொடர்ந்து வளர்ப்பது எப்படி? நான்கு கோடுகள் காலியாக விட்டிருந்தார்கள்.

பேனாவை மூடி வைத்தாள்.

"எழுது" என்றான் லைல். "வழக்கம்போலன்னு எழுது."

"எட்மண்டன்ல நான் பிஎச்.டி பண்ணும்போது வெளிநாட்டுல இருந்து உலர்த்துன பாக்டீரியா குப்பிகள் வந்துச்சு. சொல்லியிருக்கேனா?"

"எனக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கே. இதைச் சொன்னதில்ல."

"பதினோரு குப்பி உடைச்சு வளர்த்துப் பார்த்தேன். ஒண்ணுகூட வளரல. கட்டுரையில வளருதுன்னு போட்டிருக்கு, சேமிப்பகம் சான்றிதழ் கொடுத்திருக்கு. அப்ப தப்பு யார்மேல? என் பேராசிரியர் சொன்னாரு, சில பேருக்குக் கைராசி கிடையாதுன்னு. ரெண்டு வருஷம். அப்புறம் வேற தலைப்புக்கு மாறிட்டேன். பெரிய இடம் எதுக்கும் நான் விண்ணப்பம் போடவே இல்ல. எனக்குத்தான் கைராசி இல்லையே."

"சரி."

"பத்து வருஷம் கழிச்சு ஒரு மாநாட்டுல, சாப்பாட்டு வரிசையில நிக்குறப்ப, பக்கத்துல இருந்தவ சொல்றா. அது யாருக்கும் வளர்ந்ததே இல்லையாம். ஒருத்தருக்குக்கூட."

லைல் கையுறையைக் கழற்றினான். "அனுப்புனவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியல. தெரிஞ்சிருந்தா, அவருக்கும் ஒரு லைல் இருந்திருப்பான்."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றான். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரும் அதுல இருக்கு" என்றான்.

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். நீ நிறுத்த வேணாம்னா, வழக்கம்போலன்னு எழுதிடறேன், அனுப்பிடலாம்."

"என் தலையில கட்டுறியா?"

"இல்ல. கேக்குறேன்."

 அவன் திரும்பினான்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு கண்டுபிடிச்சோம்னு சொல்லு."

"பேரு?"

"நிரந்தரப் பேர் கிடையாது. தனியா வளர்க்க முடியாததுக்கு, பேருக்கு முன்னால 'வேட்பாளர்'னு போட்டுத்தான் எழுதுவாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"யாராவது பிரிச்சு வளர்க்குற வரைக்கும்."

"எங்க மாமா நாலு தடவை நகர்மன்றத்துக்கு நின்னு தோத்தாரு. அவரையும் இப்படித்தான் கூப்பிடுவோம்." பெட்டியைத் திறந்து குழாயை வெளியே எடுத்து அவள் முன்னால் வைத்தான். "உன்கூட வேலை பார்த்து எனக்கு என்ன லாபம்னு யோசிக்கிறேன்."

"நல்ல காப்பி."

"காப்பி மட்டமா இருக்கும்."

மூன்று ஐந்துக்குக் கூரியர் பெண் வந்தாள். பார்சல் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றாள் டாரியா.

"வரச் சொல்லியிருந்தீங்களே?"

"சொன்னேன். அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

டாரியா பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். இனப் பெயரைத் திரும்பப் பெறுகிறோம். இவை இரண்டு உயிர்கள். பெரியது சின்னது இல்லாமல் நாலாவது தட்டைத் தாண்டுவதில்லை. இரண்டும் சேர்ந்த கலப்பு வளர்ப்பு, கேட்பவர்களுக்குத் தரப்படும். அமெரிக்கச் சேமிப்பகத்துக்கும் அதையே எழுதி, சான்றிதழை ரத்து செய்யச் சொன்னாள். கெர்ரியின் அறைக்குப் போய் அந்த வரி வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். சொன்னாள். பாதியில் அவருக்குத் தொலைபேசி வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து மழை. டாரியா ஒன்பது மணிக்கு வந்தாள். வசந்தகால வகுப்பின் முப்பத்தாறு விடைத்தாள்களில் மிச்சமிருந்த ஒன்பதைத் திருத்தினாள். பத்திரிகையிலிருந்து, கடிதம் கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்திருந்தது. லைல் பழைய தட்டுகளைப் பைகளில் கட்டி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் நீராவிப் பெட்டியில் வேக வைத்தான், மூன்று நடை. கலப்பு வளர்ப்பின் பத்துக் குழாய்களைத் துறையின் பொது உறைபெட்டியில், இரண்டாவது அடுக்கில் வைத்து, பட்டியலில் எழுதினான். மதியம் இருவரும் சிற்றுண்டிச் சாலையில் பெரோகி கொழுக்கட்டை சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ளும் புளிப்புப் பாலேடு தீர்ந்திருந்தது. மூன்று மணிக்கு அவளுக்கு வழியனுப்பு உரைகள் நடந்தன, இருபது பேர் வந்தார்கள். நாலரைக்கு அவள் சாவிகளை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு எழுபது கிலோமீட்டர். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள்.