கொசுத்தேனீயின் மகரந்தத்துக்காகக் கொட்டாம்பட்டிக்கு இரண்டு முறை

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். மதுரையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொசுத்தேனீ சேர்த்து வைக்கும் மகரந்தத்தில் எவ்வளவு புரதம், எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பார்ப்பது என் ஆய்வு. கொசு அளவே இருக்கும், கொட்டாத தேனீ அது. மேலூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் என் மடியிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்து, "உள்ள மீன் இருக்காம்மா?" என்றார். தேனீக்காக என்றதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

எட்டேகாலுக்குக் கொட்டாம்பட்டி. அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், எண்பது ரூபாய். தோட்டத்தில் பாண்டியம்மாள் காத்திருந்தார். கத்தரியும் கடலையும் போடுபவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய மோட்டார் ரூம் சுவருக்குள்தான் கூடு. பிசினால் ஆன விரல் நீளக் குழாய் வழியே, கால்களில் மஞ்சள் பொடியோடு தேனீக்கள் நுழைந்துகொண்டிருந்தன. கணவர் இரண்டு முறை சுவர் பூசியபோதும் அந்த ஓட்டையை அடைக்கத் தான் விடவில்லை என்றார்.

அவர் வரச் சொல்லியிருந்த கொத்தனார் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தார். உள்ளே சின்னச் சின்ன மெழுகுக் குடுவைகள், சிலவற்றில் தேன், சிலவற்றில் மகரந்தம். மகரந்தத்தில் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தேன், புளித்தது. மகரந்தக் குடுவைகளை ஒன்று விடாமல் எடுத்தேன்.

"அம்புட்டையும் எடுக்கப் போறீகளா டீச்சர்?"

"ரெண்டு வாரத்துல திரும்பச் சேர்த்துக்கும்" என்றேன். வேப்பம்பூ உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது. பூக்காலம் முடிகிறது என்று யோசிக்காமல் அதை மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

ஆனி மாதத்தில் முடிவுகள் வந்தன. போனில் சொல்லியிருக்கலாம், நேரில் சொல்ல ஆசைப்பட்டு அதே பஸ்ஸில் போனேன். மேலூருக்கு அப்பால் இருபுறமும் காய்ந்த வயல். தோட்டத்தை அடையும்போது மணி ஒன்பது.

குழாயில் எந்த நடமாட்டமும் இல்லை.

"செங்கல்லத் திரும்ப வச்சு நல்லாத்தான் பூசுனோம்" என்றார் பாண்டியம்மாள். "மழையில்ல, பூவில்ல. கொறஞ்சு கொறஞ்சு, போன வாரத்தோட ஒண்ணுமில்லாமப் போச்சு."

சொல்ல வந்ததையே சொன்னேன். புரதம் நன்றாக இருக்கிறது, ஆன்டி-ஆக்ஸிடன்டும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம், சத்தான பொருள்.

"சத்து இருக்கப் போயித்தான குஞ்சுகளுக்குன்னு சேத்து வச்சிருந்துச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சோதனைக்கு ரெண்டு ஸ்பூன் போதும்மா" என்றேன். "மிச்சம் காலேஜ் ஃப்ரீசர்ல இருக்கு. தப்பு என்னோடதுதான்."

அவர் மோர் கொண்டுவந்து கொடுத்து, "பத்தரைக்கு பஸ் இருக்கு" என்றார். ரோடு வரை கூடவே நடந்து வந்தார்.

மதுரைக்குத் திரும்பியதும் நேராகக் கல்லூரிக்குப் போனேன். மறுநாள் அலங்காநல்லூரில் இன்னொரு கூட்டைத் திறப்பதாக இருந்தது. அந்த இடத்துக்காரருக்குப் போன் செய்து, பூப்பூக்கும் காலத்தில் வருகிறேன், அதுவரை தொட வேண்டாம் என்றேன். அறிக்கையில் மாதிரி கிடைத்த இடம் என்ற கட்டத்தில் கொட்டாம்பட்டி, மோட்டார் ரூம் சுவர் என்று முன்பே எழுதியிருந்தேன். அதன் கீழே, இந்தக் கூடு இப்போது இல்லை, நாங்கள் எடுத்ததால் அழிந்தது என்று சேர்த்தேன்.